முப்பதாவது ஆள்

நாற்பத்தெட்டு வயதில் என்னை மறுபடியும் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பெயர் மட்டும் ஒரு முழத்துக்கு நீளும்: கலை, பண்பாட்டு நிறுவனங்களை நிர்வகிப்போருக்கான செயல்முறை ஆய்வுப் பயிற்சி. ஆறு மாதம், புதன்கிழமைதோறும். பதினைந்து வருடமாக ஒரு நாடக அரங்கை நடத்துகிறவள் நான். கழிவறைக் குழாயிலிருந்து மேடைத் திரை வரைக்கும் எது எப்போது மக்கர் செய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு இவர்கள் என்னத்தைக் கற்றுத்தந்து கிழிக்கப் போகிறார்கள் என்ற எரிச்சலோடுதான் முதல் நாள் போனேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒரு அருங்காட்சியகத்துக்காரர், இரண்டு நூலகர்கள், நடனக் குழு, ஓவியக்கூடம் என்று ஆளுக்கொரு இடம். எல்லார் முகத்திலும் அதே கடுப்பு. சொல்லித்தர வந்தவளோ என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நாங்கள் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதற்கு ஆதாரம் என்ன என்பாள். எங்கள் அரங்குக்கு வருகிறவர்கள் அதை உயிராக நினைக்கிறார்கள் என்றேன். ஆதாரம் என்ன? மழை பெய்தால் கூட்டம் குறையும் என்றார் அருங்காட்சியகத்துக்காரர். ஆதாரம் என்ன? இரண்டாவது வாரமே அவளுக்கு ஆதாரம் என்று பெயர் வைத்துவிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். தேநீர் இடைவேளைக்குப் பிறகு தன் கோப்பையைத் தானே கழுவி வைக்கும் ஒரே ஆள் அவள்தான்.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு நான் விடாமல் போனதற்குக் காரணம் என் அக்கா.

எங்கள் அரங்கின் ஒரே நடிகை அவள். ஐம்பத்தாறு வயது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் தனியாளாக மேடையில் நிற்பாள். ஒரு பெண் தன் வீட்டைக் காலி செய்கிற நாடகம். ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பெட்டியில் வைப்பாள், ஒவ்வொன்றோடும் பேசுவாள், கடைசியில் பெட்டி மட்டும் நிற்கும். அத்தான் இறந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்த ஒன்றேகால் மணி நேரம்தான். ஒருமுறை கூரையைப் பழுதுபார்க்க எட்டு மாதம் அரங்கை மூடினோம். மூன்றாவது மாதம் அவள் பேசுவதை நிறுத்தினாள். ஐந்தாவது மாதம் சாப்பிடுவதை நிறுத்தினாள். திறந்த அன்று எழுந்து குளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல ஒத்திகைக்கு வந்தாள். அரங்கு போனால் அக்கா போய்விடுவாள். இதற்கு ஆதாரம் என்னிடம் இருந்தது, ஆனால் அதை அறிக்கையில் எழுத முடியாது.

கட்டடம் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். மின்சாதனக் கடைக்காரர் ஒருவர் அதைக் கிடங்காகக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று முறையாக ஆய்வு செய்து அறிக்கை கொடுங்கள், பிறகு முடிவெடுக்கலாம் என்று அறக்கட்டளைத் தலைவர் சொல்லிவிட்டார். அந்த ஆய்வுதான் பயிற்சியில் எனக்கான வேலை.

முப்பது பார்வையாளர்களை நேரில் பேட்டி காண வேண்டும். பெயரை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எந்த எண் யார் என்கிற பட்டியலை வேலை முடிந்ததும் கிழித்துப் போட வேண்டும்; பேசியவர்களுக்கு நாம் கொடுத்த வாக்கு அது என்று ஆதாரம் பத்துத் தடவை சொன்னாள். நாய் படாத பாடு பட்டு இருபத்தொன்பது பேரைப் பிடித்தேன். முப்பதாவதாக வர ஒப்புக்கொண்ட வங்கிக்காரர் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார். அன்று புதன்கிழமை காலை. வகுப்புக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

டிக்கெட் அறையில் உட்கார்ந்து முப்பதாவது ஆளை நானே எழுதினேன்.

பெண். ஐம்பத்து மூன்று வயது. சலவைக் கடையில் ஒன்பது வருடமாக இஸ்திரி போடுகிறாள். தனியாக இருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் வருவாள், பின்னாலிருந்து மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. பேச்சைப் பதிவு செய்யச் சம்மதிக்கவில்லை, ஆகவே குறிப்பு மட்டும் எடுக்கப்பட்டது. அப்படி எழுத விதிமுறையில் இடம் உண்டு. எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதில் என் பேனாவிலிருந்து தானாக இறங்கியது. நாள் முழுக்க அடுத்தவர்கள் துணியையே பார்க்கிறேன், அந்தம்மா பெட்டியை மூடும்போதுதான் என்னையும் ஒரு ஆள் பார்க்கிறது போல இருக்கிறது என்றாள். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. தொலைபேசி எண் கேட்ட இடத்தில் எங்கள் டிக்கெட் அறையின் பழைய எண்ணைப் போட்டேன். அந்த இணைப்பை வெட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் ஆதாரம் என் பேட்டிகளில் ஒன்றைத் திரையில் போட்டாள். முப்பது. தகவல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாள். வகுப்பே முப்பதைப் பற்றிப் பேசியது. அருங்காட்சியகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாரத்திலிருந்து அவர்கள் என்னைப் பார்த்தவுடன் கேட்பது, முப்பது எப்படி இருக்கிறாள் என்றுதான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள் என்பேன்.

பிறகு சரிபார்ப்பு வந்தது. ஒவ்வொருவர் பட்டியலிலிருந்தும் மூன்று பேரை ஆதாரமே அழைத்து, எழுதியது சரிதானா என்று வாசித்துக் காட்டுவாள். என்னுடையதில் அவள் தேர்ந்தெடுத்த மூன்றில் முப்பதும் இருந்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் புதன்கிழமை போனேன்.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். முப்பதோடு நாற்பது நிமிடம் பேசினாளாம்.

"ரெண்டு திருத்தம் சொன்னாங்க," என்றாள். "ஒன்பது வருஷம் இல்லையாம், பதினோரு வருஷம். அப்புறம், நீங்க எழுதினதெல்லாம் சரிதான், ஆனா அவங்க அழல, நீங்கதான் அழுதீங்களாம்."

பேட்டியில் யாரும் அழுததாக நான் எழுதவே இல்லை.

என்னைச் சிக்க வைக்கப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தில் சூதுவாது எதுவும் தெரியவில்லை. ஒன்பதை அடித்துப் பதினொன்று என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். நான் வாயே திறக்கவில்லை. அப்போதே திறந்திருக்க வேண்டும். அக்காவின் முகம் நடுவில் வந்து நின்றது.

அந்தச் சனிக்கிழமை நாடகம் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து டார்ச் அண்ணன் என்னைத் தேடி வந்தார். எங்கள் அரங்கில் கதவு, டிக்கெட் கிழிப்பது, இருட்டில் இடம் காட்டுவது, விளக்கு போடுவது, கடைசியில் பெருக்குவது எல்லாமே அவர்தான். சலவைக் கடையம்மா உங்களைக் கேட்டார்கள் என்றார். எந்தச் சலவைக் கடையம்மா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஓரத்து சீட்டும்மா. நான் மூஞ்சியெல்லாம் பாக்கறதில்ல மேடம், காலைத்தான் பாப்பேன். டார்ச் அடிக்கறது காலுக்குத்தானே. ரப்பர் செருப்பு, குதிகால் பாளம் பாளமா வெடிச்சிருக்கும். ரொம்ப நாளா வர்றாங்களே."

உள்ளே போய்ப் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். எங்கள் நாற்காலிகள் ஸ்பிரிங் வைத்தவை. ஆள் எழுந்தால் இருக்கை தானாக மேலே மடிந்துகொள்ளும். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஓரத்து இருக்கை கீழே இறங்கி இருந்தது. அதில் யாரும் இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை அடித்தது. கடைசிக் காட்சி வரை அங்கேயே நின்றேன். மேடையில் அக்கா பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து, நேராக அந்த மூலையைப் பார்த்தாள். அது ஒத்திகையில் வைத்த பார்வைதான். ஆனாலும் அன்று அவள் யாரையோ பார்த்தாள்.

அறிக்கை ஏற்கப்பட்டது. அறக்கட்டளைத் தலைவர் முப்பதின் பதிலை எழுந்து நின்று வாசித்தார். மூன்று வருடத்துக்கு அரங்கைத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அதே முப்பது பேரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் நிரப்பித் தர வேண்டும். வாசலில் ஒரு பெட்டி வைத்தால் போதும், எண்ணை மட்டும் எழுதிப் போட்டுவிடுவார்கள். பெயர்ப் பட்டியலை விதிப்படி என் கையாலேயே கிழித்தேன். ஆதாரம் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அன்று வீட்டில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

அதற்குப் பிறகு நிஜ ஆட்கள் உதிர ஆரம்பித்தார்கள். ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒரு தம்பதி பாதி நாடகத்தில் எழுந்து வந்து, உள்ளே குளிர்கிறது என்றார்கள். குளிர்சாதனம் அன்று ஓடவே இல்லை. இன்னொருத்தி, பக்கத்து நாற்காலியில் யாரோ தன்னோடு சேர்ந்து மூச்சு விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவில்லை. முதல் மூன்று மாத முடிவில் கிழித்த டிக்கெட் பத்தொன்பது. பெட்டியில் படிவம் முப்பது.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பதினேழு படிவங்கள் பதினேழு கையெழுத்தில் இருந்தன. மீதிப் பதின்மூன்றும் ஒரே கையெழுத்து. போகப் போக மேலே ஏறும் வரிகள், அழுத்தி வைத்த புள்ளிகள். பள்ளிக்கூடத்தில் என் கோணல் வரிகளுக்காக வாங்கிய அடி எனக்கு மறக்கவில்லை. அது என் கையெழுத்து. நான் எழுதவில்லை.

ஆறாவது மாதம் டிக்கெட் ஆறு. டார்ச் அண்ணன் கையில் வைத்திருக்கும் எண்ணும் கருவியில் முப்பது. கிழித்த டிக்கெட் எங்கே அண்ணா என்றால், இவர்களெல்லாம் பழகின ஆட்கள், டிக்கெட் கேட்டால் மரியாதையாக இருக்குமா என்கிறார். முப்பது ஜோடி கால்கள் அவருக்கு மனப்பாடம். நான் பின்சுவரோடு நின்று எண்ணினேன். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்து நான்கு இருக்கைகள் ஆளில்லாமல் இறங்கி இருந்தன. நாடகம் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த ஆறு பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடை விளக்கு கண்ணைக் கூசும். அங்கிருந்து பார்த்தால் எதிரில் வெறும் இருட்டுதான், சத்தம் மட்டும்தான் கேட்கும். அக்கா ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே, நல்ல கூட்டம் என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு கைதட்டல் வாங்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவள் விரல்களைத் தொட்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தன. அந்த மாதங்களில் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். புடவையில் கூடுதலாக இரண்டு மடிப்பு வைத்துக் கட்டினாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அப்படியும் இளைத்தாள்.

இனிமேல் பொறுக்க முடியாது என்று ஆதாரத்திடம் போனேன். அவள் அறையில் கதவைச் சாத்திவிட்டு, முப்பது என் கற்பனை, நாற்பது நிமிடத்தில் எழுதியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அரங்கைக் காப்பாற்ற ஒற்றை ஆளாக அலைந்ததில் நான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன் என்றாள். அவள் பேசியிருக்கிறாளாம், திருத்தம் வாங்கியிருக்கிறாளாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் வருகிறதாம்.

"அவங்க இருக்காங்கங்கறதுக்கு இவ்வளவு இருக்கு. இல்லைங்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

பட்டியல் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் விதிப்படி கிழித்தாயிற்றே. அந்த எண் செத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, வேண்டுமானால் இப்போதே கூப்பிட்டுப் பார் என்றேன். அவள் கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, இதோ மேடம் பேசுகிறார்கள் என்று போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, அந்தச் சுர்ரென்ற சத்தம். அது ஓய்ந்தது. யாரோ நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். போனை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடிவந்தேன். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

அறக்கட்டளைக்கு எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு மாசமா ஆளே இல்லாத இடத்துல என்னை நடிக்க விட்டியாடி?"

உனக்காகத்தான் என்றேன். எனக்காகவா, என்று சொல்லிவிட்டு மறுபடியும் காய் நறுக்கினாள். அவ்வளவு நறுக்கியிருக்க வேண்டாம். பாத்திரம் நிறைந்து தரையில் விழும்வரை நறுக்கினாள்.

மதியம் நானே ஒரு வழி சொன்னேன். நாளைக்கு நீ போகாதே. நாடகமே இல்லையென்றால் அந்த முப்பது எதைப் பார்க்க வருவாள்? ஒரு வாரம் அறுந்தால் எல்லாம் அறுந்துவிடும். திங்கட்கிழமை நான் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன். அரங்கு போனால் போகட்டும், நீ என்னோடு இரு. அக்கா யோசித்தாள். பதினைந்து வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட நானாகத் தவறவிட்டதில்லை என்றாள். பிறகு, சரி, போகவில்லை என்றாள். டார்ச் அண்ணனுக்குப் போன் போட்டு, நாளை நாடகம் ரத்து, கதவைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை இரண்டு மணி வரை அக்கா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வழக்கமாக ஒப்பனைக்கு உட்காரும் நேரம் அது. அப்புறம் தலையைப் பின்னி முடித்துக்கொண்டு, பசிக்கிறது என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுடச்சுடச் சமைத்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது போலத் தெரிந்தது. ஏதோ சொல்லிக் கிண்டல்கூடச் செய்தாள், நான் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று.

மூன்றே காலுக்குப் போன் அடித்தது. டார்ச் அண்ணன். கையில் சோறு ஒட்டியிருந்ததால் மேசைமேல் வைத்தே ஒலிபெருக்கியை அழுத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார், நாடகம் ஓடும்போது எப்போதும் பேசுகிற மாதிரி.

"ஏன் மேடம் நீங்க வரல? ரத்துன்னீங்க, ஆனா ரெண்டு மணிக்கே அக்கா வந்து பின் கதவைத் தட்டினாங்க. நானும் திறந்துட்டேன். முப்பது பேரும் வந்தாச்சு. அக்கா மேடையேறி கால் மணி நேரம் ஆச்சு."

எதிரில் அக்கா வாயில் வைத்த கவளத்தோடு அப்படியே இருந்தாள். அண்ணா, அது யார், முகத்தைப் பாருங்கள் என்றேன். மேடம், நான் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், குரலைக் கேளுங்கள், அக்காதானே என்று போனை மேடைப் பக்கம் நீட்டினார்.

கேட்டது. அக்காவின் குரல். வீட்டைக் காலி செய்கிற பெண் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே அதோடு பேசினாள். ஒவ்வொரு சொல்லும் அக்காவின் சொல். எழுந்து போனை அணைக்கத்தான் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டாள். முன்பு பலரோடு நடித்த காலத்தில், ஒத்திகையில் மற்றவர்கள் பேசும்போது கேட்ட மாதிரி. கடிகாரம் முடிந்தது, கண்ணாடி முடிந்தது, கட்டில் முடிந்தது. சோறு ஆறியது. கட்டில் வரும் இடத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டும், ஒரு சொல்லை விழுங்குவாள். மூன்று வருடமாக அப்படித்தான், வயதாகிவிட்டது. அந்தக் குரல் எதையும் விழுங்கவில்லை. சொல்லுக்குச் சொல் தெளிவாக, முப்பது வருடம் முன்னால் நான் கேட்டு அழுத அக்காவின் குரலாக இருந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நல்லா பண்றாளாடி?" என்றாள்.

"உன் கால் தூசிக்கு வராதுக்கா," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆய்வில் ஒரு ஊரையே ஏமாற்றியவள் நான். அவளை ஏமாற்ற எனக்கு அன்று முடியவில்லை.

போனில் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. பிறகு கைதட்டல் வெடித்தது, முப்பது பேருடையதாக இல்லை, நூற்றுக்கணக்கில். மேசை அதிர்ந்து தண்ணீர்க் குவளை நகர்ந்தது. என் அக்கா எச்சில் கையோடு நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர்கள் தட்டுவது அவளுக்கில்லை என்று தெரிந்திருந்தும், சமையலறைச் சுவரைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.